தபால்தலைக் குவியலை வகைபிரிப்பது, புது வெளியீடுகளைத் தவறவிடாமல் பிடிப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரண் மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கும். திறந்தால் சித்தப்பாவோ தாத்தாவோ பள்ளி நாட்களில் சேர்த்த ஸ்டாம்புகள். பாதி உறையோடு கிழித்தவை, பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. பலருக்குத் தபால்தலைப் பைத்தியம் இப்படித்தான் தொடங்குகிறது. எனக்கும் அப்படித்தான்.

டின் கையில் வந்ததும் நான் செய்த முதல் காரியம், கடைக்குப் போய் ஒரு ஆல்பம் வாங்கியது. நாட்டுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, அகர வரிசையில் ஒட்டிக்கொண்டே போனேன். மூன்றே மாதத்தில் இந்தியா நான்கு பக்கங்களைத் தாண்டி வழிந்தது. ஹங்கேரிக்கு இடம் போதவில்லை. நாற்பது பக்கங்கள் காலியாகக் கிடந்தன. எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி அடுக்கியதில் நல்ல ஸ்டாம்புகள் சிலவற்றின் முதுகு உரிந்துபோனது. அப்புறம்தான் புரிந்தது: என்னென்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு டின்னே போதும். அடுக்குவது எதற்கென்றால், எது இல்லை என்று தெரிந்துகொள்வதற்கு. அது தெரிந்தால்தான் புதிதாக வரும் ஒன்று நமக்கு வேண்டியதா இல்லையா என்று சொல்ல முடியும். கீழே உள்ள படிகளெல்லாம் அதை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: ஒட்டுவதை ஒத்திப்போடுங்கள்

முதல் ஆறு மாதத்துக்கு ஆல்பமே வேண்டாம். ஒரு ஸ்டாக் புக் வாங்குங்கள். கறுப்பு அட்டைப் பக்கத்தில் குறுக்கே கண்ணாடித் தாள் பட்டைகள் இருக்கும். ஸ்டாம்பைச் செருகலாம், எடுக்கலாம், இடம் மாற்றலாம். மனம் மாறும்போது ஸ்டாம்புக்குக் காயம் படாது. கூடவே ஒரு லென்ஸ், ஒரு ட்வீசர். ட்வீசரின் முனை தட்டையாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். புருவம் திருத்தும் ட்வீசரில் உள்புறம் பல் பல்லாக இருக்கும், அது காகிதத்தைக் கடித்துவிடும். விரலால் எடுத்தால் வியர்வை பசையில் படும். நம் ஊர் வெயிலில் கை எப்போது உலர்ந்திருக்கிறது?

பசை, செல்லோ டேப் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கல்யாண போட்டோ வைக்கிற, பக்கமே ஒட்டும் தன்மையுள்ள ஆல்பத்தில் ஸ்டாம்பை வைப்பது அதைவிடக் கொடுமை.

படி 2: உறையிலிருந்து பிரித்தல்

சாதாரண ஸ்டாம்புகளுக்கு அகலமான தட்டில் தண்ணீர், கால் மணி நேரம். தானாகவே நழுவி வரும்போது எடுங்கள், இழுக்காதீர்கள். பழைய செய்தித்தாள் மேல் படம் கீழாக உலர்த்தி, காய்ந்ததும் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓரிரவு வையுங்கள். சிவப்பு, பச்சை உறைகளில் இருப்பவற்றைத் தனியாக ஊறவையுங்கள். சாயம் இறங்கினால் கூட இருப்பதெல்லாம் பாழ். தானே ஒட்டும் வகை அமெரிக்க ஸ்டாம்புகளில் சமீபத்தியவை பெரும்பாலும் தண்ணீருக்கு மசிவதில்லை. சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 1947-க்கு முந்தைய உறை, திருவிதாங்கூர் அஞ்சல் உறை, பிரெஞ்சுக் காலப் புதுச்சேரி உறை, முத்திரை தெளிவாக விழுந்த உறை, இவற்றைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அங்கே மதிப்பு முழு உறைக்குத்தான்.

படி 3: முதல் பிரிப்பு, ஆறு உறைகளில்

மேசை மேல் ஆறு காலி உறைகளை வையுங்கள். நுணுக்கமெல்லாம் பிறகு.

முதல் உறை, இந்தியா. இரண்டாவது, சமஸ்தானங்களும் பிரெஞ்சு இந்தியாவும்: திருவிதாங்கூர், கொச்சி, ஹைதராபாத் போன்றவை சொந்த ஸ்டாம்ப் வெளியிட்டன, குவாலியர், பாட்டியாலா போன்றவை பிரிட்டிஷ் இந்திய ஸ்டாம்பின் மேலேயே தங்கள் பெயரை அச்சடித்துக்கொண்டன. மூன்றாவது, இலங்கை, மலேயா, பர்மா. இதை ஏன் தனியாக்குகிறேன் என்றால், தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் இந்த மூன்றும் எக்கச்சக்கமாக இருக்கும். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த கடிதங்கள்தானே அவை. நான்காவது, மற்ற எல்லா நாடுகளும்.

ஐந்தாவது, தபால்தலையே அல்லாதவை. ரசீதில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்ப், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பள்ளியில் காசு கொடுத்து வாங்கிய காசநோய் ஒழிப்பு வில்லைகள் எல்லாம் இதில். தூக்கிப் போட வேண்டாம், இவற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் தபால்தலைகளோடு கலந்தால் குழப்பம்.

ஆறாவது உறையின் மேல் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். இருப்பதிலேயே முக்கியமானது இதுதான். புதிதாகச் சேர்ப்பவர்கள் இதை வைக்காமல், ஒவ்வொரு ஸ்டாம்பையும் அப்போதே தீர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் சலித்துப்போய் டின்னை மறுபடி பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

படி 4: எந்த நாடு?

நாட்டின் பெயரே அச்சிடாத தபால்தலை என்றால் அது அநேகமாக பிரிட்டன். 1840-இல் உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கை வெளியிட்டவர்கள் என்பதால், அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் போதும் என்ற சலுகை அவர்களுக்கு இன்றும் தொடர்கிறது.

மற்ற நாடுகள் தங்கள் மொழியில் தங்களை என்ன சொல்லிக்கொள்கின்றன என்பதுதான் சிக்கல். ஹெல்வேஷியா என்றால் சுவிட்சர்லாந்து. மக்யார் என்று தொடங்கினால் ஹங்கேரி. சுவோமி பின்லாந்து, ஸ்வெரியே சுவீடன், நோர்கே நார்வே, நிப்பான் ஜப்பான், எய்ரே அயர்லாந்து, ஹெல்லாஸ் கிரீஸ், ஷ்கிபேரி என்று வாய்க்குள் நுழையாத பெயர் அல்பேனியா. ஆங்கிலத்தில் மூன்று ‘சி’யும் ஒரு ‘பி’யும் போலத் தெரிவது சோவியத் ஒன்றியம், அவை ரஷ்ய எழுத்துகள், எஸ்.எஸ்.எஸ்.ஆர். என்று படிக்க வேண்டும்.

இலங்கைக்கு வேறு ஒரு கணக்கு. 1972 வரை சிலோன், அதற்குப் பிறகு ஸ்ரீ லங்கா. பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து தனியானபோது இந்திய ஸ்டாம்புகளின் மேல் பர்மா என்று அச்சடித்துத்தான் தொடங்கியது. அதேபோல ஆறாம் ஜார்ஜ் படத்தின் மேல் பாகிஸ்தான் என்ற அச்சைப் பார்த்தால் அது 1947 அக்டோபர் முதல் வந்த வெளியீடு, பாகிஸ்தான் பக்கத்துக்குப் போக வேண்டியது.

ஷார்ஜா, அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்ற பெயர்களில் பளபளவென்று விண்வெளி, மீன், ஓவியம் என வண்ணமயமான ஸ்டாம்புகள் கட்டுக்கட்டாக இருக்கும். 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவாவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே அச்சடித்துக் குவித்தவை. முத்திரை கச்சிதமாக மூலையில் இருக்கும், பின்னால் பசை அப்படியே இருக்கும். எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாதவை. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

படி 5: இந்தியாவைக் காலவாரியாக அடுக்குதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்திய ஸ்டாம்பை வயது பார்த்துப் பிரிக்க மூன்று அடையாளங்கள் போதும்.

முதலாவது, தலை. விக்டோரியா என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஏழாம் எட்வர்ட் தாடியோடு 1902 முதல். ஐந்தாம் ஜார்ஜும் தாடிதான், ஆனால் 1911 முதல். தாடியில்லாத ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். எட்வர்டையும் ஐந்தாம் ஜார்ஜையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க எளிய வழி: எட்வர்ட் வழுக்கை, தலையில் கிரீடம் இருக்காது, ஜார்ஜுக்குக் கிரீடம் உண்டு.

இரண்டாவது, காசு. அணா என்றிருந்தால் 1957-க்கு முன். 1957 ஏப்ரல் 1-இல் தசம முறை வந்து நயா பைசா ஆனது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா. சுதந்திரத்துக்குப் பின் வந்த படங்களில் தேதி தெரியாதவற்றை இந்த ஒரு விதியால் மூன்று குவியலாக்கிவிடலாம்.

மூன்றாவது, வகை. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிடுவது டெஃபினிடிவ். ஒரு நிகழ்ச்சி அல்லது ஆளுமைக்காக ஒருமுறை வெளியிடுவது நினைவுத் தபால்தலை. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். டெஃபினிடிவை வரிசைத் தொகுதிப்படியும் காசுப்படியும் அடுக்க வேண்டும். நினைவுத் தபால்தலையை வெளியான தேதிப்படி. சர்வீஸ் என்று மேலச்சு உள்ளவை அரசு அலுவலகப் பயன்பாட்டுக்கானவை, அவற்றுக்குத் தனிப் பக்கம்.

டெஃபினிடிவ் என்றால் சலிப்பு என்று நினைப்பவர்களுக்கு: 1949 ஆகஸ்ட் 15-இல் வந்த தொல்லியல் வரிசையில் 2 அணாவுக்கு நடராஜர். அதே வரிசையின் 1 அணா போதிசத்துவர் இடவலம் மாறி அச்சாகிவிட்டார். திருத்திய படம் 1950-இல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கும். 1957 இந்திய வரைபட வரிசை இன்னும் வேடிக்கை. படம், காசு, வண்ணம் எல்லாம் ஒன்று. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் முதலில் வந்தவற்றின் காகிதத்தில் நட்சத்திரங்கள் நீர்க்குறியாகத் தெரியும். 1958 முதல் வந்தவற்றில் அசோகத் தூணின் சிங்கத் தலை. வெளிச்சத்தில் தெரியவில்லையென்றால் கறுப்புப் பரப்பின் மேல் ஸ்டாம்பைக் குப்புறப் போட்டுப் பாருங்கள். டின்னில் ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கிய கட்டை ஒருநாள் இப்படிப் பார்த்தால், அதில் பாதி டூப்ளிகேட் இல்லை என்று தெரியவரும்.

பற்களையும் அப்படியே எண்ணலாம். ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்பதுதான் அளவு; 14 என்றால் 2 சென்டிமீட்டரில் 14. அளவுகோல் அட்டை கிடைக்கும். ஆனால் ஆரம்பத்திலேயே இதில் இறங்கினால் பைத்தியம் பிடிக்கும், ஒரு வருடம் போகட்டும்.

படி 6: பாரதியை எங்கே வைப்பது?

வகைபிரிப்பில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பாரதியார் ஸ்டாம்ப் 1960 செப்டம்பர் 11-இல் வந்தது, 15 நயா பைசா. இது ‘1960’ பக்கத்துக்கா, ‘எழுத்தாளர்கள்’ பக்கத்துக்கா, ‘தமிழகம்’ பக்கத்துக்கா, ‘விடுதலைப் போராட்டம்’ பக்கத்துக்கா? நான்குக்கும் பொருந்தும். ஸ்டாம்போ ஒன்றுதான்.

என் விதி இது: ஸ்டாம்ப் குடியிருப்பது தேதிப் பக்கத்தில் மட்டும். தலைப்புகள் எல்லாம் பட்டியலில் ஒரு கட்டம். பட்டியலில் ‘தமிழகம்’ என்று தேடினால் திருவள்ளுவர் 1960, ராமானுஜன் 1962, அண்ணா 1970, வ.உ.சி. 1972, காமராஜர் 1976 என்று வரிசையாக வந்துவிடும். பொருளை நகர்த்தாமலே எத்தனை விதமாக வேண்டுமானாலும் அடுக்கிப் பார்க்கலாம்.

பறவை, ரயில், கிரிக்கெட் என்று ஒரே தலைப்பை மட்டும் சேர்ப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களுக்குத் தலைப்பே வீடு. ராமானுஜனை மட்டும் சேர்ப்பவர் 1962, 2011, 2012 வெளியீடுகளை ஒரே பக்கத்தில் வைத்து, கூடவே முதல் நாள் உறையையும் (ஸ்டாம்ப் வெளியான அன்றே ஒட்டி முத்திரை குத்திய உறை) வைத்தால்தான் கதை வரும். இரண்டு முறையையும் ஒரே ஆல்பத்தில் கலப்பதுதான் தப்பு. பாதி தேதிப்படி, பாதி தலைப்புப்படி வைத்த ஆல்பத்தில் அதன் சொந்தக்காரராலேயே எதையும் தேட முடியாது.

மினியேச்சர் ஷீட் (ஒன்றோ சில ஸ்டாம்புகளோ அச்சிட்ட சிறு தாள்), முதல் நாள் உறை ஆகியவை அளவில் பெரியவை. அவற்றுக்குத் தனிக் கோப்பு வைத்துவிட்டு, தேதிப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் ‘ஷீட் கோப்பில்’ என்று எழுதிச் செருகுங்கள். வாசனைத் தபால்தலைகளையும், அதாவது சந்தனம் 2006, ரோஜா 2007, மல்லிகை 2008, காபி 2017, தனித்தனி கிளாசின் உறையில், அதாவது வழுவழுப்பான மெல்லிய காகித உறையில் வைப்பேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் மூக்கோடு ஒட்டி முகர்ந்து பார்ப்பார்கள் என்பது இன்னொரு காரணம்.

படி 7: வெற்றிடத்தைக் காட்டும் பட்டியல்

கணினியில் ஒரு ஷீட் திறங்கள், அல்லது நீள நோட்டு. கட்டங்கள்: வெளியான தேதி, பொருள், காசு, நீர்க்குறி, மிண்டா (பயன்படுத்தாத புதியதா) பயன்படுத்தியதா, தலைப்பு, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம், நிலைமை. கேட்டலாக் எண்ணுக்கும் ஒரு கட்டம் விடுங்கள். இந்தியாவுக்கு இங்கே பலரும் பார்ப்பது ஸ்டான்லி கிப்பன்ஸ்; அமெரிக்கர்களுக்கு ஸ்காட், ஜெர்மானியர்களுக்கு மிஷெல். ஒன்றின் எண் மற்றதில் செல்லாது. ஆகவே ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் கோல்னெக்ட், ஸ்டாம்ப்வேர்ல்டு தளங்களில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முக்கியமான இடம் இதுதான்: உங்களிடம் இருப்பதை மட்டும் எழுதாதீர்கள். அந்த ஆண்டில் வந்தவை அனைத்தையும் முதலில் எழுதிவிட்டு, இருப்பதற்கு டிக் போடுங்கள். 1960-ஐயே எடுத்துக்கொண்டால் நினைவுத் தபால்தலைகள் ஏழு: பிப்ரவரியில் திருவள்ளுவர், ஜூனில் காளிதாசர் இரண்டு, செப்டம்பரில் பாரதியார், நான்கு நாள் கழித்து விஸ்வேஸ்வரையா, நவம்பரில் குழந்தைகள் தினம், டிசம்பரில் யுனிசெஃப். ஸ்டாக் புக்கிலும் ஏழு இடம் விடுங்கள். காளிதாசரில் 1 ரூபாய் 3 நயா பைசா இல்லையென்றால் அந்த ஓட்டை உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும். கண்காட்சியில் டீலர் முன்னால் நிற்கும்போது எதைக் கேட்பது என்று யோசிக்க வேண்டியிராது.

படி 8: புது வெளியீடுகளைப் பிடிப்பது

பழையதைத் தேடுவதைவிட, நேற்று வந்ததைத் தவறவிடாமலிருப்பது கடினம். நினைவுத் தபால்தலைகள் குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சாகின்றன, பொதுவாக மறு அச்சு கிடையாது. ஆண்டுத் தொடக்கத்து வெளியீட்டுத் திட்டத்தில் இல்லாதவையும் திடீரென்று வரும்.

இதற்கு அஞ்சல் துறையே ஒரு வழி வைத்திருக்கிறது: தபால்தலை சேகரிப்போர் வைப்புக் கணக்கு. தலைமை அஞ்சலகத்தில் குறைந்தது ₹200 கட்டித் தொடங்கலாம். ஒவ்வொரு வெளியீட்டிலும் எத்தனை ஸ்டாம்ப், முதல் நாள் உறை வேண்டுமா, ஷீட் வேண்டுமா, தகவல் மடிப்பிதழ் வேண்டுமா என்று படிவத்தில் குறித்துவிட்டால், கணக்கிலிருந்து கழித்துக்கொண்டு அனுப்பிவைப்பார்கள். எல்லாவற்றிலும் நான்கு நான்கு என்று ஆசையாக எழுதாதீர்கள். ஒரு மிண்ட் ஸ்டாம்ப், ஒரு மடிப்பிதழ் போதும். மடிப்பிதழில் எத்தனை அச்சிட்டார்கள், எந்த அச்சகம், எந்த முறை என்ற விவரங்கள் இருக்கும்; அவற்றைப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். இருப்புத் தொகை தீர்ந்தால் வரத்தும் நின்றுவிடும். ஒருமுறை நான் இதைக் கவனிக்காமல் விட்டு, அரை வருட வெளியீடுகளை டீலரிடம் கூடுதல் விலைக்கு வாங்கினேன். செல்போனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் வையுங்கள்.

கணக்கு இருந்தாலும் நேரில் போவது தனி. சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் தபால்தலை சேகரிப்பு மையம் இருக்கிறது; மற்ற பெரிய ஊர்களின் தலைமை அஞ்சலகங்களிலும் இதற்கென்று கவுன்ட்டர் உண்டு. கணக்கில் வராத சிறப்பு உறைகள் அங்கேதான் கண்ணில் படும். மாநில அளவில் நடக்கும் தனாபெக்ஸ் கண்காட்சி வந்தால் ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள், பட்டியலின் பிரதியோடு.

வீட்டில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்கை அவர்கள் பெயரிலேயே தொடங்குங்கள். தீன்தயாள் ஸ்பர்ஷ் என்று 2017-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு. தேர்வில் தேறுபவர்களுக்கு ஆண்டுக்கு ₹6,000. பள்ளியின் தபால்தலைச் சங்கத்தில் உறுப்பினராகவோ, சொந்தமாக வைப்புக் கணக்கு உள்ளவராகவோ இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் புது வெளியீடுகளுக்கு, உலக அஞ்சல் ஒன்றியம் 2002 முதல் நடத்தும் டபிள்யூ.என்.எஸ். பதிவேட்டை இணையத்தில் பாருங்கள். அதில் பங்கேற்கும் நாடுகளின் அசல் வெளியீடுகளுக்கு எண் கொடுத்திருப்பார்கள். ஏதோ ஒரு ஆப்பிரிக்க நாட்டின் பெயரில் ஹாலிவுட் நடிகர் படத்தோடு ஒரு ஷீட் விற்பனைக்கு வந்தால், வாங்கும் முன் அங்கே தேடிவிடுங்கள். அந்த நாட்டு அஞ்சல் துறைக்கே தெரியாமல் அச்சடித்த போலிகள் ஏராளம்.

பயன்படுத்திய புது ஸ்டாம்புதான் இப்போது அரிது. வருகிற தபாலிலெல்லாம் பார்கோடு ஸ்டிக்கர். ஒரே வழி, வெளியூரில் இருக்கும் நண்பரோடு ஒப்பந்தம்: மாதம் ஒரு கடிதம், நினைவுத் தபால்தலை ஒட்டி. கடிதத்தில் எழுத விஷயம் இல்லையென்றாலும் பரவாயில்லை.

படி 9: மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மிண்ட் ஸ்டாம்புகளின் பசை தானாகவே இளகும். புத்தகங்களைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், இறுக்கமாக நெருக்காதீர்கள். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மாதம் ஒருமுறை விசிறிக்காற்றில் பக்கங்களைப் புரட்டினால் பழுப்புப் புள்ளிகள் தொடங்குவது முன்கூட்டியே தெரியும். மலிவான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் ஸ்டாம்பின் மையை உறிஞ்சும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜனவரி வேலை

பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை போதும். போன ஆண்டின் வெளியீட்டுப் பட்டியலை எடுத்து, வந்தவற்றுக்கு டிக், வராதவற்றுக்கு வட்டம். வட்டம் போட்டவற்றைத் தனித் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அந்த ‘தெரியவில்லை’ உறையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். வருடத்துக்கு வருடம் கண் பழகுவதால் இரண்டு மூன்றாவது பிடிபடும். சோவியத் எழுத்து என்று நான் பல வருடமாக முடிவுகட்டி வைத்திருந்த ஒரு ரோஜாப்பூ, போன ஜனவரியில்தான் பல்கேரியா என்று தெரிந்தது. அந்த வரிசையில் இன்னும் என்னென்ன பூக்கள் வந்தன என்று பார்த்து வரிசையாக எழுதி, இடம் விட்டு வைத்திருக்கிறேன்.